ஆறரைக் கட்டைக் குரல்

“நிறுத்து. நிறுத்துன்னு சொல்றேன்ல.”

“முழுசாக் கேளு அக்கா, அப்புறமாப் பேசு. நான் என்ன சொல்ல வரேன்னா...”

“இதுல கேக்க என்ன இருக்கு? அம்மாவைக் கீழ இறக்கி வச்சிருக்க.”

“நான் இறக்கல.”

“குரலே மாறிப்போச்சு. யாரோ பாடுற மாதிரி இருக்கு. இரைச்சலை எடுன்னு குடுத்தா நீ ஆளையே எடுத்துட்டியே.”

“நான் இறக்கலக்கா. அது இருந்த இடமே அதுதான்.”

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது உருண்டு போய் ஈக்வலைசரின் குமிழ்களில் இடித்து நின்றது. மூன்று வாரமாக மயிரிழை மயிரிழையாக நகர்த்தி வைத்த குமிழ்கள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றுக்கு ‘அம்மா பழைய வேகம்’ என்றும் இன்னொன்றுக்கு ‘அம்மா சரியான வேகம்’ என்றும் பெயர் வைத்திருந்தேன். அக்கா வந்தால் முதலாவதைப் போட்டுக் காட்டி, இரைச்சல் போய்விட்டது பார் என்று சொல்லி அனுப்பிவிடுவது என்று நான்கு நாட்களாக முடிவு செய்து வைத்திருந்தேன். இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். எனக்குக் காலையிலிருந்து ஹெட்போனுக்குள் கிடந்த மண்டை. கை இரண்டாவதை அழுத்திவிட்டது. பாட்டின் முதல் வரி முடிவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். அவள் காது அப்படி. ஒரு கட்டை இறங்கினால் அவளுக்கு மாடிப்படியில் ஒரு படி தவறின மாதிரி.

எங்கள் அம்மாவை இசை தெரிந்தவர்கள் மத்தியில் ‘ஆறரை’ என்றுதான் சொல்வார்கள். ஆறரை வீட்டுக்குப் போயிருந்தேன், ஆறரைக்கு இப்போது உடம்பு தேவலையா என்றெல்லாம் அவள் காதுபடவே பேசுவார்கள். பெண்கள் ஐந்து கட்டையிலும் ஐந்தரையிலும் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அம்மா ஆறரைக் கட்டையைச் சுருதியாக வைத்துக்கொண்டு, அதற்கும் மேலே போய் நின்று, சிரமமே தெரியாமல் பாடினாள் என்பது பேச்சு. அதற்குச் சாட்சி ஒரே ஒரு கேசட். அக்காவுக்கு ஒன்பது வயதும் எனக்கு நான்கும் ஆகியிருந்தபோது அப்பா வீட்டு முன்னறையில் வைத்துப் பதிவு செய்தது. அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு இளைப்பு வந்தது. நான்கு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார வேண்டும். பாட்டு அதோடு நின்றது. கேசட் நிற்கவில்லை. யார் யாரோ வாங்கிப்போய்ப் பிரதி எடுத்தார்கள், அந்தப் பிரதியை வேறு யாரோ பிரதி எடுத்தார்கள். முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்குப் பதினாறு வயதுக் குரல் என்று வியந்தார்கள்.

இப்போது பழைய குரல்களைத் தேடிப் பிடித்து வெளியிடுகிற ஒருவர் அதைக் கேட்டு வந்திருக்கிறார். போனில் தன்னைத் ‘தொகுப்பாளர் பேசறேன்’ என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறவர். மூலக் கேசட் எங்களிடம்தான் இருக்கிறது, அதைச் சுத்தம் செய்து தரவும் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். ‘ஆறரைக் கட்டை அதிசயம்’ என்று அட்டைக்குத் தலைப்புகூட எழுதிவிட்டார்.

அந்த வீட்டு ஆள் நான்தான். முப்பது வருடம் வானொலி நிலையத்தில் ஒலிக்கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். ஓய்வு பெறும்போது அவர்கள் கழித்துப் போட்ட கேசட் மெஷின், ஈக்வலைசர், இரைச்சல் நீக்கும் பெட்டி எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்துவந்து பின்னறையில் அடுக்கினேன். கதவில் பழைய மெத்தையை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். கல்யாண வீட்டுக் கேசட், இறந்துபோனவர்களின் பேச்சு, பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டு என்று ஆட்கள் கொண்டுவருவார்கள். வேலை செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவேன். அந்த அறைக்கு வருகிற எல்லோரும் முதலில் சொல்வது, எப்படி இந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது. அக்கா மட்டும் வேறு சொல்வாள். பாட வராதவள்தானே பட்டனைத் திருக வேண்டும் என்பாள். எனக்குப் பாட வராது என்பது உண்மை. எங்கள் வீட்டில் பாடுவதற்கென்று இருந்தவள் அக்கா.

அவள் நின்றபடியே பேசினாள். அவள் குரலைச் சொல்ல வேண்டும். அட்டைப் பெட்டியைச் சுவரில் தேய்த்த மாதிரி ஒரு குரல். அதை வைத்துக்கொண்டு உரக்கப் பேச முடியாது. அதனால் அவளுடைய சண்டையெல்லாம் ரகசியம் சொல்வது போலத்தான் இருக்கும், பக்கத்து அறையில் இருப்பவர்கள் நாங்கள் கொஞ்சிக்கொண்டிருப்பதாக நினைப்பார்கள். உன் மெஷின் தாறுமாறாக ஓடுகிறது என்றாள். அதற்குத்தான் சோதனைக் கேசட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன் என்றேன். கேசட் பழசாகி நீண்டிருக்கும் என்றாள். நீண்டால் பாட்டு மெதுவாகும், வேகமாகாது என்றேன். எதைச் சொன்னாலும் ஒரு பதில் வைத்திருக்கிறாய், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றாள்.

“உன் மெஷினுக்குக் காது இருக்கா? எனக்கு இருக்கு. அம்பத்தேழு வருஷமா இந்தக் கேசட்டைக் கேக்கறேன். இது அம்மா இல்ல.”

“உக்காரு. ஒண்ணு காட்டறேன். அதுக்கப்புறமும் தப்புன்னு நீ சொன்னா பழையதையே அனுப்பிடறேன்.”

உட்கார்ந்தாள். மின்விசிறியைப் போடச் சொன்னாள். போட்டேன்.

அந்தக் கேசட்டில் மூன்று தொல்லைகள் இருந்தன. ஒன்று, டேப்பிலேயே இருக்கிற ‘ஸ்’ஸென்ற இரைச்சல். அதைப் பெட்டி தின்றுவிட்டது. இரண்டாவது, அங்கங்கே டேப் மடங்கிய இடங்களில் சத்தம் விழுந்து எழுவது. அதைக் கையால்தான் தைக்க வேண்டும், தைத்தேன். மூன்றாவது, பின்னால் ஓயாமல் ஒரு ரீங்காரம், வண்டு மாதிரி. அது டியூப் லைட்டின் சத்தம். முன்னறையில் சுவரில் இருந்த டியூப் லைட்டுக்கு நேர் கீழேதான் அப்பா மைக்கை வைத்திருக்க வேண்டும். இதை எடுப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. மின்சாரத்தின் ரீங்காரம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். டியூப் லைட் என்றால் நூறு ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு நூறு அதிர்வு. அந்த இடத்தில் ஃபில்டரை வைத்து அழுத்தினால் காணாமல் போய்விடும். ஆயிரம் கேசட்டில் செய்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

அம்மாவின் கேசட்டில் போகவில்லை. ஃபில்டரை அகலமாக்கினேன், ஆழமாக்கினேன். அம்மாவின் குரல் சோப்புப் போட்டுத் துவைத்த துணி மாதிரி வெளிறியதுதான் மிச்சம், வண்டு அப்படியே இருந்தது. இரண்டு நாள் போராடிவிட்டு, என் காதுதான் ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலையில் திரையில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ரீங்காரம் நூறில் இல்லை. நூற்றுப் பன்னிரண்டில் இருந்தது. நான் ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதையெல்லாம் அக்காவுக்குச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று தோன்றியது. என் அறையிலும் சுவரில் ஒரு பழைய டியூப் லைட் உண்டு. அதைப் போட்டுவிட்டு, நாற்காலியில் ஏறி, மைக்கை அதன் கீழே பிடித்தேன். அறுபத்தொரு வயதில் நாற்காலியில் ஏறுகிறாயே என்று அக்கா நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒரு கோடு எழுந்தது. நூறு. இறங்கி, அம்மாவின் பழைய பதிவைப் போட்டு, பாட்டு தொடங்குவதற்கு முன் இருக்கிற மௌனத்தை மட்டும் ஓடவிட்டேன். கோடு எழுந்தது. நூற்றுப் பன்னிரண்டு. கடைசிப் பாட்டின் முடிவில் இருக்கிற மௌனத்தைக் காட்டினேன். நூற்றுப் பதின்மூன்றை நெருங்கியிருந்தது.

அந்தக் காலத்து லைட் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றாள். லைட் வேறாக இருக்கலாம், கரண்ட் ஒன்றுதான் என்றேன்.

அப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், மெஷினைக் கரண்டில் போட்டுப் பதிந்தால் இரைச்சல் வரும், பேட்டரியில் போடுங்கள் என்று. இது எங்கள் இருவருக்குமே தெரியும். அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கதைகளில் இதுவும் ஒன்று. புது பேட்டரி வாங்கவில்லை, டார்ச் லைட்டிலிருந்து கழற்றிப் போட்டேன், அப்படியும் எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது பார் என்பார். பாதி செத்துப்போன பேட்டரியில் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை நல்ல மெஷினில் போட்டால் வேகமாக ஓடும். குரல் ஏறும். பாட்டு போகப் போகப் பேட்டரி இன்னும் இறங்கியிருக்கிறது, குரல் இன்னும் ஏறியிருக்கிறது. அப்பாவுக்கு வாசல் மணிக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

“ரீங்காரத்தை நூறுக்குக் கொண்டுவந்து வச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. குரல் தானா அஞ்சரைக்கு வந்து உக்காந்துச்சு.”

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டியூப் லைட்டை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். பிறகு ஒன்று கேட்டாள்.

“அந்தப் பிருகா? மூணாவது பாட்டுல, ஸ்வரமெல்லாம் வேகமா மேலேர்ந்து உருண்டு வருமே.”

“அதுவும்தான். எட்டுல ஒரு பங்கு வேகம் கூட.”

“அந்த வேகமும் இல்லையா.”

இதை அவள் என்னிடம் கேட்கவில்லை.

இதற்குப் பயந்துதான் நான்கு நாட்களாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மாவால் பாட முடியாமல் போனபிறகு அக்காவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது அந்தக் கேசட். காலையில் ஒரு மணி நேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு மணி நேரம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே இழு, இங்கே விடு என்று வாயால் சொல்வாள். பாடிக் காட்ட மூச்சு கிடையாது. ஒன்பது வயதில் ஆரம்பித்து இருபத்து நான்கு வயது வரைக்கும், பதினைந்து வருடம் அக்கா அந்தக் கேசட்டோடு மல்லுக்கு நின்றாள். மேல் ஸ்தாயியில் தொண்டை நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைக்கும். மூன்றாவது பாட்டின் பிருகாவை நாளுக்கு ஐம்பது தடவை பாடுவாள், ஐம்பது தடவையும் கடைசியில் கால் இடறும். அம்மாவுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை என்று கண்ணாடியில் வாயைத் திறந்து பார்ப்பாள். ஒரு நாள் எச்சிலில் ரத்தம் வந்தது. அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள். இரண்டு நாள் பேசாமல் இரு என்றாள். மூன்றாவது நாள் மறுபடியும் கேசட்.

இருபத்து நான்காவது வயதில் பெரிய மேடை. ஆறரையின் மகள் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள், ஆறரையில்தான் பாட வேண்டியிருந்தது. இரண்டாவது பாட்டில் குரல் கிழிந்தது. அப்படியே இறங்கி வந்துவிட்டாள். குரல் நாண்களில் முடிச்சு முடிச்சாகக் காய்த்திருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தார்கள். முடிச்சுகளோடு சேர்த்துக் குரலும் போயிற்று. அதன்பின் நூலகத்தில் வேலை. அங்கே யாரும் உரக்கப் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலைக்குப் போனதாக அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். தாயின் குரல் மகளுக்கு வரவில்லை என்று சொன்னவர்களையும் அவள் கோபித்துக்கொண்டதில்லை. உண்மையைத்தானே சொல்கிறார்கள் என்பாள்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். தொகுப்பாளரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். நேற்றே சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பழையதையே அனுப்புங்கள் என்றார். இத்தனை வருடம் கேட்டுப் பழகிய காதுகளை ஏமாற்றக் கூடாது என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலில் முடிந்தது.

பிறகு அவளாகவே சொன்னாள், போகட்டும், பழையதையே அனுப்பிவிடு என்று. எண்பத்தெட்டு வயதில் அம்மாவிடம் போய் நீ ஆறரை இல்லை என்று யார் சொல்வது. அந்த ஒரு பேரை வைத்துக்கொண்டுதானே அவள் இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு என்ன ஆக வேண்டும் இனிமேல், என்றாள். நானும் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கோப்பை அனுப்பிவிட்டுப் படுத்துத் தூங்க வேண்டும் போலிருந்தது. அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மெத்தைக் கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்றாள்.

“சுருதிப் பெட்டி,” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“கேசட்டுல பின்னாடி போடற சுருதிப் பெட்டி நம்ம வீட்டுப் பெட்டிதானே. அந்த ஒரு பெட்டிதானே வீட்டுல இருந்துச்சு.”

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னாள். எனக்கு அப்போது நான்கு வயது, ஞாபகம் இல்லை. கேசட்டோடு பாட ஆரம்பித்த முதல் மாதமே அவள் கண்டுபிடித்துவிட்டாளாம். பெட்டியைப் போட்டுக்கொண்டு பாடினால் ஒரு இடத்தில் நிற்கிறது, கேசட்டோடு பாடினால் வேறு இடத்தில் நிற்கிறது. அம்மா, பெட்டியும் கேசட்டும் சேரவில்லை என்று போய்ச் சொன்னாளாம். அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டாளாம். பெட்டி பழசாகிவிட்டது, சுருதி இறங்கிவிட்டது என்றாளாம். அடுத்த வாரம் அம்மாவே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, பெட்டி ரிப்பேர் செய்கிறவரிடம் போயிருக்கிறாள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் ஒரு குறையும் இல்லையே அம்மா, இது ஐந்தரைக்குச் செய்த பெட்டி, ஐந்தரையில்தானே நிற்கிறது என்றாராம். ஆறரைக்கு ஏற்றித் தாருங்கள் என்றாளாம் அம்மா. ஏற்ற வேண்டுமானால் உள்ளே இருக்கிற பித்தளை நாக்கை அரத்தால் சுரண்ட வேண்டும், சுரண்டினால் பழையபடி வராது என்றாராம். சுரண்டுங்கள் என்றாளாம். பித்தளைத் தூள் கடைக்காரரின் மடியில் மினுமினுவென்று விழுந்ததை அக்கா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மா அந்தப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து வருடம் பாடியவள். பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று அவள் தொண்டைக்குத் தெரியாதா.

அக்கா கிளம்பு என்றாள். அந்தச் சின்ன ஸ்பீக்கரையும் இரண்டாவது கோப்பையும் எடுத்துக்கொள் என்றாள். நாளைக்குப் போகலாமே, எனக்கு நிற்க முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அதற்குள் என் செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டாள்.

அம்மா அக்காவோடு இருக்கிறாள். மூன்றாவது மாடி. லிஃப்டில் ‘பழுது’ என்று அட்டை தொங்கவிட்டு ஆறு மாதமாகிறது, இப்போது அந்த அட்டையே பழுதாகிவிட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அக்கா நிற்கவில்லை. எனக்கு மேலே அவள் செருப்புச் சத்தம் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் கோபமாகப் பேசிவிடாதே என்று சொல்லியிருந்தேன். எந்தக் குரலை வைத்துக்கொண்டு கோபமாகப் பேசுவது என்று கேட்டிருந்தாள்.

அம்மா சமையலறை ஜன்னல் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பார்வை மங்கிவிட்டது. ஓரத்தைத் தடவித் தடவித்தான் மடிப்பாள், ஆனாலும் நாங்கள் மடிப்பதைவிட நேராக இருக்கும். காது மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை. நான் வாசலில் மூச்சு வாங்குவதை வைத்தே, சின்னவளும் வந்திருக்கிறாளா என்று கேட்டாள். இளைப்பு என்னோடு போகட்டும், உனக்கு வேண்டாம், டாக்டரைப் போய்ப் பார் என்றாள்.

அக்கா ஸ்பீக்கரை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். போடு என்று கையைக் காட்டினாள். மூன்றாவது பாட்டைப் போட்டேன்.

இரைச்சல் இல்லாமல், வண்டு இல்லாமல், பாட்டு அந்தச் சமையலறையில் வந்து நின்றது. அம்மாவின் கை துண்டின் மடிப்பில் நின்றது. தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது சுளிக்கும், எப்போது நிறுத்தச் சொல்வாள் என்று பார்த்தேன். விரல்கள் துண்டின்மேல் தாளம் போட ஆரம்பித்தன. பிருகா வந்தது. இந்த வேகத்தில் அது உருளவில்லை, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கி வந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்டது. அக்கா பதினைந்து வருடம் மல்லுக்கு நின்றது இதனோடுதானே என்று எனக்குத் தோன்றியது. இந்த வேகமென்றால் அவளுக்கு ஒருமுறைகூட இடறியிருக்காது.

பாட்டு முடிந்தது. அம்மாவின் முகத்தில் ஒரு மலர்ச்சி. என் அறுபத்தொரு வருடத்தில் அந்த மலர்ச்சியை நான் பார்த்ததாக நினைவில்லை.

“இப்பதான்டி என் குரல் மாதிரி இருக்கு. எப்படி எடுத்த?”

ரீங்காரத்தை வைத்துக் கண்டுபிடித்ததை நான் சொன்னேன். பேட்டரி என்றதும் அம்மா சிரித்தாள். உங்க அப்பா டார்ச்சைப் பிரிக்கும்போதே சொன்னேன், கேட்டால்தானே என்றாள். அப்படியானால் பழையதைக் கேட்டபோது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று நான் கேட்டேன். அக்கா கேட்கட்டும் என்று விட்டிருக்கலாம், ஆனால் அவள் சுவரில் சாய்ந்துகொண்டு ஸ்பீக்கரையே பார்த்தபடி நின்றாள்.

தோன்றாமல் என்ன, முதல் தடவை கேட்டபோதே தோன்றியது என்றாள் அம்மா. மெஷின் என்னைவிட மேலே பாடுகிறது என்று சொல்லி அன்றைக்குச் சிரித்தாளாம். அப்புறம் கேட்க வந்தவர்கள் எல்லாம் ஆறரை, ஆறரை என்றார்கள். அதற்குள் மூச்சும் போய்விட்டது. இனிமேல் பாடிக் காட்டி, இல்லை, ஐந்தரைதான் என்று நிரூபிக்கவா முடியும். இருக்கிறது அது ஒன்று, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் துண்டை மடித்து முடித்து அடுத்ததை எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிற தொனிதான். துணிக்கூடையை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

“அவருக்குப் பழசையே அனுப்பிடு. ஊருக்கு அதுதானே தெரியும். இதை எனக்குத் தனியா வச்சுக் குடு, நான் கேட்டுக்கறேன்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரிலிருந்து நகர்ந்து வந்து அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அம்மாவின் மடியிலிருந்த துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள், மடிக்க உதவுகிற மாதிரி. ஆனால் மடிக்கவில்லை. அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, அட்டையைத் தேய்த்த மாதிரி.

“அவருக்கு எதை வேணா அனுப்பட்டும்மா. பதினஞ்சு வருஷம் தினமும் உன் முன்னாடி நின்னு தொண்டையைக் கிழிச்சுக்கிட்டேனே, ரத்தம் வந்த அன்னைக்காவது ‘இறங்கிப் பாடுடி’ன்னு சொல்ல உனக்கு ஏம்மா வாய் வரல?”